மம்பட்டிக்கு ஒரு படம்

புகைப்படக் கலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் மலையையும் அருவியையும், கோபுரத்தையும் குழந்தை முகத்தையும் சிலாகித்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. ஆகவே, மாட்டுக் கொட்டகை மூலையில் சாத்தியிருக்கும் மம்பட்டியையும், அடுப்படியில் கிடக்கும் அரிவாள்மனையையும், பொழுதுபோக்காக ஒருவர் பின்னி முடித்த ஒயர் கூடையையும் படமெடுப்பது ஒரு கலையா என்று யாராவது வினவினால், அந்த வினாவில் சிறிது பரிகாசமும் கலந்திருப்பது இயல்பே. அது கலைதான் என்பதும், வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ நிற்கும் எங்கள் ஜெயமங்கலம் போன்ற ஓர் ஊரில் அந்தக் கலைக்கு மேல்நாட்டார் வகுத்த இலக்கணம் அப்படியே பொருந்தாது என்பதும் என்னுடைய அபிப்பிராயம்.

சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், காமிரா முதன்முதலில் நாடிச் சென்றது மனிதனை அன்று, சடப்பொருளையே என்பது புலப்படும். ஆதியில் பயன்பட்ட தகடுகளும் காகிதங்களும் ஒளியை உட்கொள்ள நெடுநேரம் பிடித்தன. அத்தனை நேரமும் இமை கொட்டாமல் இருக்கக்கூடியவை கிண்ணங்களும் சிலைகளுமே அல்லவா? பிரெஞ்சுக்காரரான தாகேர் 1837-ஆம் ஆண்டில் தம் அறையில் இருந்த சாந்து வார்ப்புகளை ஒரு மூலையில் அடுக்கிப் படமாக்கினார். ஆங்கிலேயரான ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில், அலமாரியில் அடுக்கிய பீங்கான் சாமான்களின் படம் ஒன்றைச் சேர்த்து, இவற்றைத் திருடன் கொண்டுபோனால் நியாயஸ்தலத்தில் இந்தப் படமே வாய்பேசாச் சாட்சியாக நிற்கும் என்று ரசமாக எழுதினார். அதே நூலில், திறந்த வாசற்கதவின் ஓரம் சாத்திவைத்த துடைப்பம் ஒன்றும் அமரத்துவம் பெற்றிருக்கிறது. நம் சென்னை ராஜதானியிலும் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-இல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மஹாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் படமெடுத்தார். சென்னை மியூசியத்தில் இருந்த அமராவதிச் சிற்பக் கற்களையும் ஒவ்வொன்றாகப் படமாக்கினார். டிரைப்பின் கண்ணுக்குக் கோயில் விஷயமாயிற்று. கோயிலைக் கொத்திய உளி விஷயமாகவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை, அவருக்கு இடப்பட்ட பணி அது.

பிறகு காமிராவின் வேகம் கூடக்கூட, மனிதர்கள் சாமான்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். சிற்றூர்களிலும் ஸ்டூடியோக்கள் திறக்கப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். திரையில் எழுதிய தூண்கள், காகிதப் பூங்கொத்து வைத்த முக்காலி, பேசாத டெலிபோன், சில இடங்களில் ஒரு டிரான்சிஸ்டர். இவையே ஒரு குடியானவர் தம் வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட ஒரே படத்தில் அவருக்குத் துணையாக நின்ற வஸ்துக்கள். அவர் தினமும் தோளில் சுமந்த மம்பட்டிக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அது வரப்பிலோ வாசலிலோ காத்திருந்தது. பிற்காலத்தில் அக்ஃபா கிளிக் போன்ற எளிய காமிராக்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய பொழுதும், உதகமண்டலத்தில் தொழிற்சாலை எழுந்து ‘இந்து’ என்ற பெயருடன் நம் நாட்டுப் பிலிமே கடைக்கு வந்த பொழுதும், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் என்ற கணக்கில் காது குத்துக்கும் கல்யாணத்துக்குமே அது போதாதிருக்க, சுளகுக்கும் உலக்கைக்கும் யார் ஒரு படத்தைச் செலவழிப்பார்கள்? நம் பாட்டன்மார் கையாண்ட கருவிகளின் படம் வேண்டுமென்று இன்று தேடினால், ஏதோ ஒரு குடும்பப் படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுண்டு, தற்செயலாக விழுந்த ஓர் உரலைத்தான் காண முடிகிறது.

மேல்நாட்டில் இந்தத் துறையைத் தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் உண்டு. அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம், மல்லனின் முதுகோ என்று மயங்க வைக்கும். வாக்கர் எவன்ஸ் என்பவர் 1955 ஜூலையில் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகையில், இரும்புக் கடையில் சில்லறை விலைக்குக் கிடைக்கும் குறடு, கொத்தனார் கரண்டி, தகரம் வெட்டும் கத்தரி முதலியவற்றைத் தனித்தனியே, சாம்பல் நிறப் பின்னணியில், எவ்வித அலங்காரமுமின்றி, ராஜ குடும்பத்தார் உருவப்படம் போன்ற கௌரவத்தோடு வெளியிட்டார். அந்தப் படங்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவன்ஸ் எடுத்தவை ஆலையில் பிறந்த கருவிகள். ஒன்றைப் போலவே ஆயிரம் இருக்கும். ஆகவே வடிவமே அவற்றின் முழு உண்மை. நம் வராக நதிப் பள்ளத்தாக்கில் ஆசாரியின் பட்டறையில் பிறந்த கருவிக்கோ வடிவம் பாதி உண்மைதான். மற்றப் பாதி, அது யார் கையில் எப்படித் தேய்ந்தது என்பது. தேய்மானத்தைக் காட்டாத படம், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கடைக்காரரின் விலைப்பட்டியலுக்கு மட்டுமே உதவும் என்பது என் துணிபு.

காதால் கேட்கிறவர்களுக்குப் படத்தை விவரிப்பது சற்றுச் சிரமந்தான். ஆயினும் எங்கள் ஊரில் எடுத்த ஒரு மம்பட்டிப் படத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். மம்பட்டியின் வாய் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. வரப்பு வெட்டுகிறவர் எந்தக் கை முன்னே வைத்து வெட்டுகிறவர் என்பதை அந்தச் சரிவிலிருந்தே விவசாயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கைப்பிடியான கணை, கருவேலங் கட்டை. இரண்டு கையும் பிடிக்கிற இரண்டு இடங்களில் மட்டும் மரம் எண்ணெய் பூசினாற்போல் மினுமினுக்கிறது. இடைப்பட்ட பகுதியில் செதுக்கிய உளித்தடம் இன்னும் மாறவில்லை. கணை ஆடாமலிருக்க அடித்த ஆப்பின் பக்கத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறது. இரும்பின் மேல் நஞ்சை மண் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. படத்தில் மனிதர் இல்லை. ஆனால் அவருடைய உயரம், பழக்கம், சிக்கனம் யாவும் அதில் இருக்கின்றன. அந்த மண்ணைக் கழுவிவிட்டு எடுத்திருந்தால் படம் பார்வைக்குச் சுத்தமாக இருந்திருக்கும், விஷயம் போயிருக்கும்.

இதை எடுப்பதற்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. செல்போனே பெரும்பாலும் போதுமானது; வேண்டியது வெளிச்சத்தின் சூட்சுமம். உச்சிப்பொழுதில் தலைக்கு நேரே விழும் வெயிலும், காமிராவிலேயே பொருத்திய ‘ஃபிளாஷ்’ ஒளியும் பொருளைத் தட்டையாக்கிவிடும். பள்ளமும் மேடும் நிழலால்தான் புலப்படும். நிழல் வேண்டுமானால் ஒளி பக்கவாட்டில், தாழ்ந்து வர வேண்டும். கருக்கரிவாளின் பற்களை நேரொளியில் எடுத்துப் பாருங்கள். வெறும் விளிம்பாகத் தெரியும். அதையே காலை ஏழெட்டு மணிக்குத் திண்ணையின் ஓரத்தில், வெயில் ஒரு பக்கமிருந்து தடவிக்கொண்டு போகும்படி வைத்து எடுத்தால், ஒவ்வொரு பல்லும், தேய்ந்த இடத்தில் ஆசாரி மறுபடி கருக்கு வெட்டிய தடமும் தனித்தனியே எழுந்து நிற்கும். நிழல் மிகவும் கறுத்துவிட்டால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். அது ஒளியை மென்மையாகத் திருப்பி அனுப்பும். மேற்கே மலைத்தொடர் இருப்பதால் இந்தப் பள்ளத்தாக்கில் மாலையின் சாய்ந்த வெயிலை நெடுநேரம் நம்பியிருக்க முடியாது. மலைக்குப் பின்னால் கதிரவன் இறங்கியபின் ஒளி எங்கும் சமமாகப் பரவிவிடுகிறது. அந்தச் சம ஒளியும் வீணன்று. பளபளக்கும் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அதுவே உத்தமம், ஏனெனில் அவை வெயிலில் கண்ணைப் பறித்து, படமெடுக்கிறவரின் தலையையும் சேர்த்தே பிரதிபலிக்கும்.

இன்னொரு சங்கதி. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ளது கரியோ சுண்ணாம்போ என்று அறியாது. எல்லாவற்றையும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே பாவித்துக் கணக்கிடும். கருத்த இரும்புச் சட்டி வெளிறிப்போவதும், வெள்ளைப் பீங்கான் அழுக்கேறினாற்போல் தெரிவதும் இதனால்தான். கரும்பொருளுக்கு ஒளியளவைச் சிறிது குறைக்கவும், வெண்பொருளுக்குச் சிறிது கூட்டவும் வேண்டும். செல்போனில் அதற்கென உள்ள குறியை விரலால் மேலும் கீழும் நகர்த்தினால் போதும். மிக அருகில் சென்று எடுத்தால் முன்பக்கம் வீங்கி, அரிவாள் வளைவும் குடத்தின் வயிறும் பொய்யாகிவிடும்; நாலடி பின்வாங்கி, உருப்பெருக்கி எடுப்பது நன்று. பின்னணிக்குப் பட்டுத் துணி விரிக்கிற பழக்கத்தை நான் வெறுக்கிறேன். சாணம் மெழுகிய தரையும், காறை பெயர்ந்த சுவரும், ஒரு சாக்கும் போதாவா? அளவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் உழக்கை வையுங்கள்.

பட்டுத் துணி என்றதும் நினைவுக்கு வருகிறது. இக்காலத்தில் பழம்பொருள் மோகம் ஒன்று பரவியிருக்கிறது. அஞ்சறைப் பெட்டியையும் மரக்காலையும் பித்தளைக் கூஜாவையும் புளி போட்டுத் தேய்த்து, நடுவில் ஒரு செம்பருத்தியைச் செருகி, மஞ்சள் ஒளியில் எடுத்து, பழமையின் பெருமை என்று வாழ்த்துச் செய்தியாக அனுப்புகிறார்கள். அந்த மரக்காலால் நெல் அளந்த களத்தின் தூசியும், அளக்கையில் தலைதட்டிய விரலின் தேய்ப்பும் புளியோடு போய்விட்டன. தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே ஒரு பொருளுக்கு அழகு கற்பிப்பது ஒருவகை அநியாயம். நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்டாலும், அது திரும்ப இடமில்லாத வரப்போரத்தில் இன்றும் கருக்கரிவாள் வேலை செய்கிறது. கொடிக்காலில் இன்றும் ஏணி சாத்தி வெற்றிலை கிள்ளுகிறார்கள். ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கம் தறிகள் ஓடுகின்றன. கிணற்றில் நீர் இறைத்த கமலையையும் அதன் சாலையும் அவை வேலை செய்கையில் படமெடுக்கத் தவறிவிட்டோம்; இப்பொழுது அவற்றைப் பற்றி முதியவர்கள் கையை ஆட்டி விளக்குவதைத்தான் படமெடுக்க முடியும்.

கைவேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஒயர் கூடை பின்னுகிற பெண்கள் ஏராளம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு என்று வகைவகையாகப் பின்னி, முடித்த கூடையை மேசைமேல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால், வாங்குகிறவருக்கு அது போதும். கற்கிறவருக்குப் போதாது. அடி முடிந்து, சுவர் எழும்பத் தொடங்கி, ஒயர்கள் நாலாபுறமும் விரிந்து கிடக்கும் அந்த அரைகுறை நிலையில்தான் கூடையின் இரகசியம் வெளியே தெரிகிறது. கைப்பிடி போட்டபின் அது உள்ளே மறைந்துவிடும். ஆகவே பாதியில் ஒரு படம், ஒற்றை முடிச்சை விரல்கள் பிடித்திருக்க மிக அண்மையில் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் என்று எடுத்துவைக்கும்படி நான் சொல்வதுண்டு. கொலுவுக்குப் பூங்கா அமைக்கிற பிள்ளைகளுக்கும், காகிதக் கூழில் பொம்மை செய்கிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். காமிராவே சிலருக்குக் கைவேலையாக அமைந்ததுண்டு. இயற்கை வல்லுநரும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வருமான மா. கிருஷ்ணன், ஒன்றின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தாமே இணைத்துப் பூட்டிய கனத்த காமிராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் திரிந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அந்த ஒட்டுக் காமிராவைப் பல கோணங்களில் எடுத்த படத்தொகுதி ஒன்று கிடைக்குமானால், யானைப் படங்களுக்குச் சமமாக அதையும் நான் ரசிப்பேன்.

எடுத்த படத்தோடு நாலு வரி எழுதிவைப்பது அவசியம்: ஊரில் வழங்கும் பெயர், எந்தப் பட்டறையில் செய்தது, என்ன வேலைக்கு, எந்த ஆண்டு எடுத்தது. எழுதாத படம் ஒரு தலைமுறைக்குள் புதிராகிவிடும். உடையவரிடம் அனுமதி கேட்பதும், அவர் விரும்பாவிட்டால் அவர் பெயரை வெளியிடாதிருப்பதும் மரியாதை. எங்கே தொடங்குவது என்றால், அறுவடைக்கு முந்திய வாரங்களில் அரிவாள்கள் வரிசையாக ஆசாரியின் பட்டறைக்கு வந்து சேர்கின்றன. ஒரே குவியலில் இருபது கைகளின் தேய்மானத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. கிழக்குப் பார்த்த பட்டறையாக இருந்தால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பொறி பறக்கும், லென்ஸைச் சற்று எட்டவே வைத்துக்கொள்ளுங்கள். துருத்திக்காரரிடம் முதலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு காமிராவை எடுங்கள்.