சிப் வரையும் இயந்திரமும் சரிபார்க்கும் பொறியியலாளரும்



மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் கொள்ளளவு 103.5 மெகாவாட். காற்று திசை மாறினால் ஆலையின் தலை திரும்புவதும், காற்று மிஞ்சினால் இறக்கைகளின் கோணம் மாறுவதும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. இலங்கையில் சிப் உற்பத்தி ஆலை கிடையாது. அந்தக் கணினிக்குள் இருக்கும் சிப்பும் கடல் கடந்து வந்ததுதான். ஆனால் சிப்பை உற்பத்தி செய்வது ஒரு தொழில், அதை வடிவமைப்பது வேறொரு தொழில். வடிவமைப்புக்கு ஆலை தேவையில்லை. கணினியும் மென்பொருளும் பயிற்சி பெற்ற மூளையும் இருந்தால் எந்த ஊரிலும் நடக்கும். சிப் வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான சினாப்சிஸின் அலுவலகம் கொழும்பிலேயே இருக்கிறது.

அந்தத் தொழிலுக்குள் இப்போது செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது.

சிப் நிறுவனமான என்விடியாவின் எச்100 சிப்பில் 80 பில்லியன் டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இவ்வளவையும் மனிதர் கையால் அடுக்க வழியே இல்லை. அதற்கென 1980களிலேயே வடிவமைப்பு மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்குத் தரவேண்டிய அமைப்புத் தெரிவுகள் ஏராளம். ஒன்றை மாற்றி, இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் விளைவைப் பார்த்து, இன்னொன்றை மாற்றுவது பொறியியலாளரின் அன்றாடம். 2020இல் சினாப்சிஸ் வெளியிட்ட டிஎஸ்ஓ.ஏஐ, 2021இல் அதே துறை நிறுவனமான கேடன்ஸ் வெளியிட்ட செரிப்ரஸ் ஆகிய கருவிகள் சரியான தெரிவைத் தேடும் அந்த வேலையைத் தாமே செய்கின்றன. பல வழிகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்து, எது பலன் தருகிறது என்று கற்றுக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகின்றன.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு எண்களைக் கூட்டும் சுற்று எந்தக் கணினிக்கும் அடிப்படை. பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட அந்தச் சுற்றில் இனி என்ன மிச்சம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். என்விடியா ஆய்வாளர்கள் 2022இல் விவரித்த முறையில் இயந்திரமே கற்று வரைந்த 64 பிட் கூட்டற் சுற்று, அதே வேகத்தில், வழக்கமான மென்பொருள் வரைந்ததைவிட 25 சதவீதம் குறைந்த இடத்தையே எடுத்தது. இப்படி வரையப்பட்ட சுற்றுகள் எச்100 சிப்பில் ஏறத்தாழ 13,000 இடங்களில் இருக்கின்றன.

எல்லாக் கதையும் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. சிப்பின் பெரிய பகுதிகளை எங்கெங்கே வைப்பது என்பதை ஆறு மணி நேரத்துக்குள் தீர்மானிக்கும் முறை ஒன்றை 2021 ஜூனில் கூகுள் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே இதழில் அதை வரவேற்று எழுதியவர் கலிபோர்னியாப் பேராசிரியர் ஆண்ட்ரூ காங். பின்னர் அவருடைய குழுவே அந்த முறையைச் சோதித்து, 2023இல் கேள்வி எழுப்பியது. காங்கின் பாராட்டுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. கூகுள் அந்தச் சோதனை முறையை ஏற்கவில்லை. தன் சிப்களில் தன் முறையையே தொடர்ந்து பயன்படுத்துவதாகச் சொல்லி, 2024இல் அதற்கு ஆல்ஃபாசிப் என்று பெயரும் வைத்தது. பாராட்டியவரே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார் என்பதுதான் இன்று பட்டம் பெறும் நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது.

சரிபார்ப்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 சாட்சி. இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தலுக்கான அட்டவணையில் சில பதிவுகள் விடுபட்டிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். அந்தப் பிழைக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர்.

இந்த மன்னார்க் கரைக்குச் சரிபார்ப்பு புதிதல்ல. சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கிடைத்த முத்துகளை 20 துளைச் சல்லடையில் தொடங்கி 1,000 துளைச் சல்லடை வரை ஒவ்வொன்றாக அரித்துத் தரம் பிரித்தார்கள். சிப் வடிவமும் அப்படித்தான் அரிக்கப்படுகிறது: கணக்குச் சரியா, நேரத்துக்கு முடிகிறதா, கம்பிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, சூடு தாங்குமா என்று படிப்படியாக.

வரைவது மலிவாகும்போது, அரிப்பவருக்குத்தான் வேலை கூடும். 2023இல் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஜிபிடி-4உடன் உரையாடியே ஒரு சிறு 8 பிட் நுண்செயலியை வடிவமைத்து உற்பத்திக்கு அனுப்பினார்கள். நிரலை எழுதியது இயந்திரம். என்ன வேண்டும் என்று வரையறுத்ததும் பிழைகளைச் சுட்டிக்காட்டித் திருத்த வைத்ததும் தேர்ந்த பொறியியலாளர்.

இப்படி வரைந்து சரிபார்ப்பதை மன்னாரில் ஒரு மடிக்கணினியிலேயே தொடங்கலாம். ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தரவுகள் 2020இலிருந்து எல்லோருக்கும் இலவசம். யோசிஸ், ஓப்பன்ரோட் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களும் அப்படியே. ஒரு 8 பிட் கூட்டற் சுற்றை இயந்திரத்திடம் எழுதச் சொல்லலாம். அதற்கு வரக்கூடிய எண் சோடிகள் 65,536 மட்டும். அத்தனையையும் நொடிப்பொழுதில் சோதித்துவிடலாம். அதையே 64 பிட்டுக்குப் பெருக்கினால் சோடிகளின் எண்ணிக்கை 39 இலக்கத்துக்குப் போய்விடும். எந்தக் கணினியாலும் முழுவதையும் ஓட்டி முடிக்க இயலாது. எவற்றைச் சோதிப்பது, எவற்றைக் கணித நிறுவலால் உறுதி செய்வது என்று அங்கே ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் ஒருவர் இயந்திரத்தைக் கொண்டு வரைய, இன்னொருவர் அதில் பிழை தேடட்டும். இருவருக்கும் சமமாகப் புள்ளி கொடுங்கள்.