மாட்டுக்கும் மானுக்கும் ஒரே புல்

கோலார் மாவட்டத்தைப் பட்டு, பால், தங்கம் என்று மூன்றே சொல்லில் சொல்லிவிடுவார்கள். 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி காலடி வைத்த தங்கவயலில், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு தங்கம் நின்றது. பால் நிற்கவில்லை. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த மாடுகளுக்குச் சைனைடு கழிவு மேடுகளைத் தாண்டி விரிந்து கிடக்கும் சுரங்க நிலம்தான் மேய்ச்சல் காடு.

அதே நிலத்தில் வெளிமானும் மேய்கிறது. கன்னடத்தில் கிருஷ்ணமிருகம். தாய்மான் குட்டியை ஈன்றதும் புல்லுக்குள் கிடத்திவிட்டுத் தூரமாகப் போய் மேயும். குட்டி அசையாது, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். முழங்கால் உயரம் புல் இருந்தால், நாம் பக்கத்திலேயே நடந்து போனாலும் கண்ணில் படாது. ஒட்ட மேய்ந்த இடத்தில் அதற்கு ஒளிய மறைவே இல்லை. மந்தையோடு வரும் நாய் முதலில் அதைத்தான் கவ்வும்.

அப்படியானால் மேய்ச்சலைத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் அதைத்தான் செய்தார்கள். பறவைகளுக்காக எருமைகளை விரட்டினார்கள். கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு எருமை மேயாத நீர்நிலையைப் புல் மண்டி மூடியது. பறவைகளுக்கே இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு சொன்ன பாடம் இது.

நம் புல்வெளிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வெளிமான் கண்ணையும் காலையும் நம்பிப் பிழைக்கும் பிராணி. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டினால், வருகிற ஆபத்தை அது எப்படிப் பார்க்கும், எங்கே ஓடும்? ஆனால் சீமைக்கருவேலங்காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதும் மாடுதான். ஆகவே மேய்ச்சலும் வேண்டும், அதற்கு ஒரு முறையும் வேண்டும்.

முறை நமக்குப் புதிதல்ல. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். கிளுவை வேலி போட்டு நிலத்தைப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றொன்றில் கொழுக்கட்டைப் புல்லைத் தழைய விடுகிறார்கள். சட்டத்திலும் வழி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002 திருத்தம் 'பாதுகாப்புக் காப்பகம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் மேலாண்மைக் குழுவில் கிராமப் பஞ்சாயத்துக்கும் இடம் உண்டு. துமகூரு மாவட்டம் மதுகிரி தாலுக்காவில் ஜெயமங்கலி வெளிமான் காப்பகம் 2007-இல் இப்படித்தான் உருவானது.

தங்கவயலிலும் இதைச் செய்ய முடியும். புல்வெளியைப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து மேய்க்கலாம். குட்டி ஈனும் பகுதிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாம். நாயை வீட்டில் கட்டிவிட்டு வரலாம். முளைக்கும்போதே சீமைக்கருவேலஞ்செடியைப் பிடுங்கலாம். அந்த வேலைக்குக் கூலியும் கொடுக்கலாம்.

இந்தத் திட்டத்தை அலுவலக மேசையில் மட்டும் போட வேண்டாம். எந்தப் புதரோரம் தாய்மான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்று தினமும் மாடு ஓட்டிப் போகிறவருக்குத் தெரியும். முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்போம்.