சாய்ந்த மரத்தின் மெய்யான நீளம்

கூரைக்கென வெட்டிய மரம் நீண்டிருந்தால் அறுத்துக் குறைக்கலாம். குறுகிவிட்டால் என் செய்வது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு வேலைத்தலத்திலே மூத்த தச்சர் ஒருவர் இக்கேள்வியை என்னிடம் கேட்டார். அவர் காலடியில் நான்கு மூலைக் கைமரங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம் போதாமற் போயிற்று. படத்தைக் கணினியில் வரைந்தவர் ஓர் இளம் படவரைஞர். “கணினி காட்டிய அளவுதானே, ஐயா!” என்று அவர் கலங்கி நின்றார்.

கணினி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கே விடை தந்தது.

அது நாற்புறமும் சரிந்த கூரை. சுவரிலிருந்து முகடு வரை கிடைத்தூரம் 2400 மில்லிமீற்றர், ஏற்றம் 1800. சாதாரணக் கைமரத்தைப் பக்கத்திலிருந்து நேரே நோக்கினால் அதன் நீளம் 3000 எனக் காணலாம். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. கணினியில் கிடையாகவோ நிலைக்குத்தாகவோ அளக்கும் கருவியைத் தொட்டால் 2400 அல்லது 1800 என்றே வரும். கோட்டின் போக்கிலேயே அளக்கும் கருவியைத் தெரிந்தெடுத்தாற்றான் 3000 கிடைக்கும். நமது இளைஞர் இதனை நன்கு அறிந்தவர்.

ஆனால் மூலைக் கைமரமோ இரு திசைகளில் ஒருங்கே சாய்வது. கிடைப்படத்தில் அதன் நீளம் 3394, முன்னிலைப்படத்தில் 3000, பக்கநிலைப்படத்திலும் 3000. மூன்று படங்களிலும் அதன் மெய்யான நீளம் இல்லை. அது 3842 மில்லிமீற்றர். நம்மை விட்டு அப்பாற் சாய்ந்த கோல் கண்ணுக்குக் குறுகித் தோன்றுவது போலவே தாளிலும் குறுகுகின்றது. பார்வை கோலுக்குச் செங்குத்தாக விழும்போது மாத்திரமே உண்மையளவு புலப்படும். இளைஞர் சரியான கருவியைத் தவறான படத்தில் வைத்துவிட்டார்.

இச்சிக்கலுக்கு ஒழுங்கான முறை வகுத்தவர் கஸ்பார் மொஞ்சு என்னும் பிரெஞ்சுக் கணிதர். மெசியேர் நகர் இராணுவப் பொறியியற் பள்ளியில், கோட்டை அரண்களுக்கு நெடுங்கணக்குப் போட்டுக் கண்டதை அவர் வரைந்தே கண்டார். அம்முறை நெடுங்காலம் இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. 1795இல் பாரிசிலேதான் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார்.

கணினியிலும் வழி அதுவே. கிடைப்படத்து 3394ஐ அடியாகவும் 1800ஐ உயரமாகவும் கொண்டு புறத்தே ஒரு செங்கோண முக்கோணி வரைந்து, அதன் சாய்பக்கத்தை அளந்தால் 3842 வரும். வீடு முப்பரிமாணத்தில் வரையப்பட்டிருந்தால் மரத்தின் இரு முனைகளையும் தொட்டுத் தூரத்தைக் கேட்கலாம். அல்லது வரையும் தளத்தையே மரத்தின் மீது திருப்பி வைக்கலாம். இது கோட்டின் நீளமே என்பதை மறக்கலாகாது. முகட்டு மரத்தின் தடிப்பைக் கழிப்பதும், இறப்புக்கு நீட்டுவதும் தனிக்கணக்கு.

கோணத்திலும் இதே மயக்கம் உண்டு. நிலைப்படத்தில் அம்மரத்தின் சரிவு ஏறக்குறைய 37 பாகையாகத் தோன்றும். மெய்யாக அது 27.94 பாகை. இதனை 28 என்று முழுதாக்கி எழுதினாலும், மரத்தின் மறுமுனையில் சுமார் 4 மில்லிமீற்றர் பிசகும். ஆகவே, தச்சருக்குப் பாகையைக் கொடுப்பதிலும் கிடைத்தூரத்தையும் ஏற்றத்தையும் கொடுப்பதே நன்று என்பது என் எண்ணம். அவரது மூலைமட்டத்துக்கு அவ்விரண்டும் போதும்.

இன்னொன்று. கணினி காட்டும் எண் பிடிக்காவிடின், அதன்மேல் வேறோர் எண்ணைத் தட்டி வைப்பார் சிலர். அதன்பின் கோட்டை நீட்டினாலும் குறுக்கினாலும் அந்த எண் அசையாது. அப்படத்தை வாங்குபவர் எதை நம்புவார்? கோட்டைத் திருத்துங்கள், எண் தானே திருந்தும்.

அன்று இளைஞர் அங்கேயே முக்கோணியை வரைந்து காட்டினார். தச்சர் நாடாவால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் புதிய மரத்துக்குச் சொல்லியனுப்பினார். குறுகிய நான்கும் வீணாகவில்லை. மூலை மரத்தில் வந்து முட்டும் குட்டைக் கைமரங்களுக்கு அவற்றை அறுத்துக்கொண்டார்.