ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

இன்று செவிலியர் பட்டம் பெறும் பிள்ளைகளே,

கனவு காணுங்கள் என்று சொல்ல இந்த மேடைக்கு வேறு பெரியவர்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்தது குழந்தை நலம். அதில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். அதைச் சந்தேகிக்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்த்தால் போதும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே எச்சரிக்கைதான். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள்.

தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவதுதான் சிக்கல். வெளியே வரிசை நீள்கிறது, உள்ளே குழந்தை வீறிடுகிறது. அழும்போது எண்ணினால் கணக்கு தப்பு. தாய் தோளில் போட்டுத் தட்டி அமர்த்தும்வரை காத்திருந்து, சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து 60 விநாடி எண்ண வேண்டும். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு மூச்சு தவறினால் கணக்கில் ஆறு தவறும். "சளிதான் சிஸ்டர்" என்று தாய் சொன்னதும் பேனா மருந்துச் சீட்டுக்குப் போய்விடுகிறது. "நேத்து ராத்திரியிலேர்ந்து பாலே குடிக்கல" என்று அவர் அடுத்துச் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. ஆபத்து அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆன்டிபயாடிக் சிரப்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி, தான்சானியாவின் ம்பேயா, மொரொகோரோ பகுதிகளில் 40 சுகாதார நிலையங்களில் 2021-22இல் ஓர் ஆய்வு நடந்தது. பாதி நிலையங்களில் பணியாளர்களுக்கு ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். அதிலிருந்த செயலி வரிசையாகக் கேட்கும்: பால் குடிக்கிறதா, கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, துவண்டு கிடக்கிறதா? பிறகு எடை, காய்ச்சல், மூச்சு. பதில்களை வைத்து எந்தப் பிரிவு, என்ன மருந்து, எடைக்கு எவ்வளவு என்று சொல்லும். வழக்கமான நிலையங்களில் நோயுற்ற நூறு குழந்தைகளில் 70 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது. டேப்லெட் இருந்த இடங்களில் 23 பேருக்குத்தான். மருந்து குறைந்ததால் குழந்தைகள் குணமாவது கெடவில்லை என்பதை ஏழாம் நாள் விசாரித்து உறுதிசெய்தார்கள்.

இதைக் கேட்டதும் டேப்லெட் வாங்க ஓட வேண்டாம். அங்கே கூடவே பல்ஸ் ஆக்சிமீட்டரும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஹீமோகுளோபின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், தொடர்ந்து பேசி வழிகாட்ட ஆட்களும் இருந்தார்கள். பாராட்டு முழுவதையும் கருவிக்கே கொடுப்பது நியாயமில்லை. நம் பக்கத்தில் கருவி முதலில் வந்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். பயிற்சி அடுத்த நிதியாண்டில் வரும்!

இன்னொன்று. மூச்சு என்ற கட்டத்தில் 32 என்று தட்டினால் செயலி ஏற்றுக்கொள்ளும். நீங்கள் எண்ணினீர்களா, குத்துமதிப்பாகப் போட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறதா என்பதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். கேட்க மறந்ததை நினைவுபடுத்துவது, வரிசையைப் பார்த்து அவசரப்படாமல் இருப்பது, டோஸ் கணக்கில் தடுமாறாமல் இருப்பது ஆகியவற்றில் செயலி நம்மைவிடக் கெட்டி. அந்த வேலைகளை அதனிடம் தயங்காமல் விடுங்கள்.

ஆனால் பழைய பதிவேடுகள் ஒன்றையும் மூடாமல், அவற்றின் மேல் செயலியையும் ஏற்றினால், குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் நேரம்தான் குறையும். அப்படி நேரும் இடத்தில் வாய்மூடி இருக்காதீர்கள். மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்; எழுத்திலும் கொடுங்கள்.

பணியில் சேரும் இடத்தில் டேப்லெட் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதற்கும் விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.