பாலிடெக்னிக் படிப்பு நமக்கும் வேண்டும்

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா, படிக்க வைக்கலாமா என்று பலர் நம்மைக் கேட்கிறார்கள். பையனானாலும் பெண்ணானாலும் பாலிடெக்னிக்கில் சேருங்கள் என்கிறோம். ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையில் இழை ஓயாமல் அறுந்தது. ஓடி ஓடிச் சேர்த்தும் மாளவில்லை. "யந்திர வேகத்தைக் கூட்டிவிட்டீர்கள்" என்றோம். "உங்கள் ஆட்கள் சோம்பேறிகள்" என்றது நிர்வாகம். நம்மிடம் பதில் இல்லை.

தோழர் ஒருவரின் மகள் அப்போது டிப்ளமோ இரண்டாமாண்டு படித்தாள். "மோட்டார் புல்லி என்ன அளவு?" என்று கேட்டாள். முன்பு 5 அங்குலம், இப்போது 6 என்றார் பிட்டர். யந்திரத்தின் புல்லி 10 அங்குலம். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று. அவள் கணக்குப் போட்டாள்: முன்பு யந்திரம் சுற்றியது 720, இப்போது 864. நூற்றுக்கு இருபது கூடியிருக்கிறது! அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்த பிறகே வேலைப்பளு பற்றிப் பேச நிர்வாகம் இணங்கியது.

கிராமத்துத் தோழர்களே! நெல் அறுக்கும் யந்திரம் வந்து அறுவடைக் கூலியைப் பறித்தது. அதைப் பழுதுபார்க்கும் வேலையாவது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டாமா?

டிப்ளமோ மூன்றாண்டுப் படிப்பு. முதலில் கணிதம், பௌதிகம், ரசாயனம், வரைபடம். பிறகு மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில் என்று பிரிவுகள். பட்டறையில் லேத்தும் ஓட்ட வேண்டும். ஐ.டி.ஐ. தேறியவர், உரிய பாடங்களோடு பன்னிரண்டாவது தேறியவர் நேரே இரண்டாமாண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவருக்கு பி.இ. இரண்டாமாண்டின் கதவும் திறந்திருக்கிறது.

பணத்துக்கு என்ன செய்வது? அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024இல் பையன்களுக்கும் வந்தது. உபகாரச் சம்பளங்களும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டுப் பெறுவது யாசகமல்ல.

ஓர் எச்சரிக்கை. படித்து முடித்ததும் "அப்ரண்டிஸாக வா" என்று அழைப்பார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவர் தொழிலாளி அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கடமையும் முதலாளிக்கு இல்லை. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பயிற்சியில் காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

யந்திரத்தோடுதான் நம் காலம் கழிகிறது. அதன் கணக்கு முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால், அவன் சொன்னதே வேகம், அவன் சொன்னதே கூலி.

விண்ணப்பம் போட வழி தெரியாதவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். கூட உட்கார்ந்து நாமே எழுதித் தருவோம்.