பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் திருத்தினோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது பேசுவார் என எதிர்பார்ப்பது வழக்கம். அவற்றைக் கிளினிக்கில் பேசிக்கொள்ளலாம். இன்று பேசப்போவது, எங்கள் வகுப்புத் தோழியர் மூவர் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்திய கதையும் அதிலிருந்து நாம் அனைவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு காரியமும் ஆகும். எங்களுள் ஒருவர் வைத்தியர், ஒருவர் ஆசிரியை, மற்றவர் வங்கியில் பணிபுரிபவர். மூவரும் அதற்கு முன் ஒரு ஸ்பனரைக் கையில் எடுத்ததில்லை.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில்தான் கட்டுகஸ்தோட்டையிலுள்ள எங்கள் தோழியின் தாய்வீட்டைத் துப்புரவு செய்தோம். பின்புறக் களஞ்சிய அறையில், சாக்குகளுக்கு அடியில், அவருடைய காலஞ்சென்ற தந்தையாரின் பி.எஸ்.ஏ. பேண்டம் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் அதை நிறுத்து விலை சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அதைக் கொடுக்க வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம்.

இந்த வண்டியின் வரலாறு சுவையானது. பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பனி. பேண்டம் என்றால் சிறு இனக் கோழி. பெற்றோல் தாங்கியில் சேவல் படமே இருக்கும். இவ்வண்டி வெளிவந்தது 1948இல், நமது நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில். ஆனால் அதன் வடிவமைப்பு ஆங்கிலேயருடையதன்று. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனி செய்த ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நட்டஈடாக வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. அதே வரைபடத்திலிருந்து அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் சோவியத் நாட்டில் மொஸ்க்வா என்ற வண்டியும் பிறந்தன. ஜப்பானில் யமஹா 1955இல் செய்த அதன் முதல் மோட்டார் சைக்கிளும் அதே வழியில் வந்ததே.

ஆங்கிலேயர் ஒரு மாற்றம் செய்தார்கள். கியர் மிதி அவர்களுடைய வழக்கப்படி வலது காலுக்கு வரவேண்டும் என்பதற்காக, வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாற்றிவிட்டார்கள். இதயம் வலப்பக்கத்தில் அமைந்தவர்களை வைத்தியத் துறையில் எப்போதாவது காண்கிறோம். அவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள். பேண்டமும் 1971 வரை உற்பத்தியில் இருந்தது.

வேலையை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற பாஸ் ஒருவர் வந்து பார்த்து, “முதலில் ஒன்றையும் கழற்றாதீர்கள், நன்றாகப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். நோயாளியைத் தொடுமுன் அவருடைய கதையைக் கேள் என்று மருத்துவ பீடத்தில் சொல்லித் தந்ததும் அதுவே. எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தோம். எந்த வயர் எங்கே போகிறது, எந்த ஆணியின் கீழ் எத்தனை வாஷர் என்று கொப்பியில் எழுதினோம். கழற்றிய ஒவ்வொன்றையும் வெற்று ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு இலக்கமிட்டோம். ஆசிரியையின் அழகான கையெழுத்து அங்கே பெரிதும் உதவியது.

அடுத்த பாடம் ஸ்பனர். கடையில் வாங்கும் மில்லிமீற்றர் ஸ்பனர்கள் இந்த வண்டிக்குச் சரிவராது. நட்டும் போல்ட்டும் பழைய பிரித்தானிய அளவிலானவை. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று அழுத்தினால் நட்டின் மூலைகள் தேய்ந்து, பிறகு எதனாலும் கழற்ற முடியாது. அந்த அளவு ஸ்பனர்களைத் தேடி நகரத்துப் பழைய கடைகளில் பல சனிக்கிழமைகள் ஏறி இறங்கினோம்.

கண்டியின் ஈரக் காற்றில் பல வருடம் நின்ற இயந்திரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருந்தது. அதைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பிளக் துவாரத்தின் வழியாக டீசலை ஊற்றி ஊறவிட்டு, ஒவ்வொரு மாலையும் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் ஒரு மயிரிழை அசைந்தது. அன்று மூவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

இது இரண்டடிப்பு இயந்திரம். 123 கன சென்ரிமீற்றர், நாலரைப் பரிவலு. இதற்குத் தனியாக எஞ்ஜின் ஒயில் ஊற்றுவதில்லை. பெற்றோலிலேயே ஒயிலைக் கலக்க வேண்டும். அக்காலத்து ஒயில்களுக்கு 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு என்பதே வழமையான அளவு. அதாவது 4 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். அந்தக் கலவை முதலில் அடியிலுள்ள பெட்டிக்குள் உறிஞ்சப்பட்டு, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, மேலே சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. ஆகவே சுழல்தண்டின் இரு பக்கத்திலும் உள்ள சீல்கள் நைந்துபோனால் காற்றுக் கசியும். வண்டி ஒழுங்காக ஓடாது. பார்வைக்கு அற்பமான இரண்டு வளையங்கள்தான். அவற்றை மாற்றும்வரை வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. காபரேட்டரின் சிறு துவாரத்தைப் பழைய பெற்றோலின் பிசின் அடைத்திருந்தது. அதைக் கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தே எடுக்க வேண்டும்.

இங்கே வைத்தியராகச் சில வார்த்தைகள். வீட்டில் பழைய வண்டியில் கை வைப்பவர்கள் மூன்றை நினைவில் வையுங்கள். ஒன்று, பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அத்தூள் வீடெங்கும் பரவும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். இரண்டு, பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது; ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். மூன்று, வெறுமையான பெற்றோல் தாங்கி நிரம்பிய தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். ஓட்டை அடைக்க நெருப்பு வைக்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. உள்ளே பிடித்த துருவுக்கு வினாகிரியும் ஒரு பிடி ஆணிகளும் போட்டுக் குலுக்கினாலே போதும்.

கடைசியில் நிறம் பற்றி எங்களுக்குள் வாதம் வந்தது. புதிதாகப் பெயின்ற் அடித்தால் பளபளக்கும். ஆனால் தாங்கியின் இரு பக்கங்களிலும் பேண்டத்துக்கே உரிய மங்கல் பச்சை தேய்ந்து இரும்பு தெரியும் இடம், அப்பாவின் முழங்கால்கள் உராய்ந்த இடம். முடிவை அம்மாவிடம் விட்டோம். “இருக்கட்டும் பிள்ளை” என்றார். துருவை மட்டும் நிறுத்தி, மெழுகு பூசி, அப்படியே விட்டோம்.

பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் எங்களுள் வங்கித் தோழிக்கே இருந்தது. பதிவு ஆவணங்களைச் சீர்செய்த பின் அவர் அம்பிட்டிய ஏற்றத்தில் இரண்டாம் கியரில், நடந்து போகிறவர்களோடு கதைக்கக்கூடிய வேகத்தில் ஏறினார். தலைக்கவசத்தோடுதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப்பட்ட ரி.ஈ. லோரன்ஸ் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். அவரைக் கவனித்த வைத்தியர்களுள் ஹியூ கெய்ன்ஸ் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். பின்னர் போர்க்காலத்தில் இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கிறது என்று 1941இல் அவர் எழுதினார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் அதைக் கட்டாயமாக்கியது. சந்திக் கடைக்குத்தானே என்று தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகும் உங்கள் வீட்டுப் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பதினான்கு மாதமும் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, “வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா?” என்பதே. கேட்டவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதற்கு விடையாகப் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண்மணியைச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1909இல் ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் இயந்திரத்தைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகினார். பொறியியல் படித்து, 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடித் தங்க நட்சத்திரம் பெற்றார். போர்க்காலத்தில் பிரித்தானியப் போர் விமானங்கள் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்தால் காபரேட்டர் கோளாறினால் எஞ்ஜின் இடைநிற்கும். 1941இல் அவர் அதற்குக் கண்ட தீர்வு, நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தகடு. தம் குழுவோடு விமானத் தளங்களுக்குச் சென்று பூட்டிக் கொடுத்தார். எத்தனையோ விமானிகள் அதனால் உயிர் தப்பினார்கள்.

பதினான்கு வயதில் அவர் கையில் ஒருவர் ஸ்பனரைக் கொடுக்காமல் இருந்திருந்தால்? எங்கள் தலைமுறையில் பெண்பிள்ளைகள் பலரும் தையலையும் மனைப் பொருளியலையும்தான் எடுத்தோம். அவை நல்ல பாடங்கள். தையல் தெரிந்த கை காயத்தைத் தைக்கவும் விரைவில் பழகும். ஆனால் இயந்திரம் எங்களுக்குரியதல்ல என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. கதவு திறந்திருக்கும் காலத்தில், உள்ளே போகும் துணிவைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே சங்கத்திடம் எங்கள் மூவரின் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நினைவாகக் கல்வெட்டும் வளைவும் வைக்கப் பலர் முன்வருவார்கள். அவற்றோடு, மாணவிகளுக்கு ஒரு சிறு திருத்தக்கூடமும் வேண்டும். ஒரு அறை, இரண்டு உறுதியான மேசைகள், நல்ல வெளிச்சம், ஸ்பனர் தொகுதி, கையுறை, கண் காப்புக் கண்ணாடி, தீயணைப்பான். பழுதான மின்விசிறி, தையல் மெஷின், சைக்கிள் எதையும் பிள்ளைகள் கொண்டுவந்து பிரித்துப் பார்க்கட்டும். பெற்றோல் சம்பந்தப்பட்ட வேலைக்கு அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் பாஸ் மாதம் இரண்டு சனிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்; அவர் கேட்டது தேநீர் மட்டும்தான். பேண்டத்தை அந்த அறையில் வைக்க அம்மாவும் சம்மதித்துவிட்டார், பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கராஜில் பாவிக்காத நல்ல ஸ்பனர்கள் கிடந்தால் அடுத்த முறை வரும்போது பெட்டியில் இடம் வையுங்கள். பழைய பிரித்தானிய அளவானால் இன்னும் நல்லது.