இலவச மின்சாரம் இருக்கிறது, கரண்டுதான் இல்லை

(மலையடிவாரக் கிராம விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கூட்டம் 10 மணிக்கு என்று நோட்டீஸ் அடித்தோம். இப்போது மணி பன்னிரண்டரை. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். இன்றைக்கு ஒன்பதே முக்காலுக்குத்தான் மும்முனை வந்தது. வந்த கரண்டை விட்டுவிட்டு எந்தச் சம்சாரி கூட்டத்துக்கு வருவான்? நானே நாலு பாத்திக்கு மடை திருப்பிவிட்டுத்தான் வந்தேன். நீங்களெல்லாம் இப்போது நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பன்னிரண்டு மணிக்கே அது போய்விட்டது என்று தெரிகிறது.

போன பங்குனியில் நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வெளியூர்க்காரர்களும் வந்திருக்கிறார்கள். நம் மேற்குக் காட்டு டிரான்ஸ்பார்மர் ராத்திரி பதினொரு மணிக்கு வெடித்தது. அது 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். 5 குதிரைத்திறன் மோட்டார் பத்துப் பன்னிரண்டு ஓடினால் அது தாங்கும். நம் காட்டில் அதன் கீழே இருப்பது 22 மோட்டார். வெடிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கிற லைன்மேன் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. நாலு ஊர் லைனை ஒற்றை ஆளாகப் பார்க்கிறான், அவனைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. "மேலே எழுதிப் போட்டிருக்கு, வந்ததும் மாட்டிக் கொடுத்துடறோம்" என்றார்கள். 19 நாள் எழுதிப் போட்டபடியே இருந்தது. கடைசியில் வேறு டிரான்ஸ்பார்மர் தயாராக இருக்கிறது, ஏற்றி வர வண்டி இல்லை என்றார்கள். தலைக்கு 600 ரூபாய் போட்டு, டிராக்டர் வைத்து, நாமே போய் ஏற்றி வந்தோம். வாரியத்தின் சாமானை நாம் காசு போட்டுச் சுமந்து வந்தோம், ரசீது கிடையாது.

அந்த 19 நாளில் ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் ஒரு அம்மாவுக்குக் கருகிப்போனது. வீட்டுக்காரர் இல்லாதவர். தாலிக்கொடியை அடகு வைத்து விதை வெங்காயம் வாங்கி நட்டவர். நாற்பத்தைந்தாம் நாள், காய் பிடிக்கிற நேரம். கிணற்றில் தண்ணீர் இருந்ததுங்க, அதுதான் கொடுமை. எட்டிப் பார்த்தால் தண்ணீர் மினுங்குகிறது, வரப்பில் தாள் மஞ்சளாகச் சாய்கிறது. நகை இன்னும் கடையில்தான் இருக்கிறது. அந்த அம்மாவும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

டவுனில் ஒரு தெருவில் அரைமணி நேரம் போனால் போன் மேல் போன் போகிறது. நமக்கு 19 நாள் போனாலும், "இலவசம்தானேப்பா" என்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த இலவசம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவை 10 பைசா ஆக்கினார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தார்கள். ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று உழவர்கள் செத்தார்கள். அவ்வளவுக்கும் பிறகு குறைந்தது ஒரு பைசா. 1972 ஜூலை 5ஆம் தேதி நம் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் சுட்டார்கள். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது. எங்கள் அப்பா சாகும்வரை ஜூலை 5 அன்று ஏர் பூட்டமாட்டார். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவசம் வந்தது. அடுத்து கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிக்கும் வந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் குதிரைத்திறனுக்கு வருஷம் 250 ரூபாய் கட்டு என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற கையோடு அதை ரத்து செய்தார்கள். ஆக, எந்தக் கட்சியும் மனசு இளகிக் கொடுக்கவில்லை, வாங்கியிருக்கிறோம்.

சரி, மின்சாரம் தட்டுப்பாடு, எங்கிருந்தோ வரவேண்டியிருக்கிறது என்பார்கள். எங்கிருந்து? மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934இல். அணையிலேயே நீர்மின் நிலையம். பக்கத்தில் அனல்மின் நிலையம், பழையது 840 மெகாவாட், புதியது 600. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, நம் நாமக்கல் மாவட்டத்துச் சோழசிராமணி என்று காவிரியில் வரிசையாகக் கதவணை, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். அடுப்பு நம் வீட்டில் எரிகிறது, பந்தி வேறெங்கோ நடக்கிறது. 2012இல் என்ன நடந்தது என்று மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள், நமக்குப் பாதி நாளுக்கு மேல் இருட்டு. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் சிம்னி விளக்கில் படித்தார்கள்.

லைன் இழுக்க மட்டும் நம் நிலம் வேண்டும். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் லைன், 6,000 மெகாவாட். கொங்கு மாவட்டக் காடுகளில் கோபுரம் நட்டபோது 2018இலும் 2019இலும் விவசாயிகள் குழிக்குள் இறங்கி மறித்தார்கள். நில உரிமையாளர் சம்மதம் தேவையில்லை என்பதற்கு அதிகாரிகள் காட்டியது 1885ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் தந்திச் சட்டம். கோபுரத்துக்குக் கீழே நிற்கிறவனுக்கு மோட்டார் ஓட்டக் கரண்டு இல்லை.

நம் பக்கம் எப்போதுமே கடைசிதான். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலையைப் பாருங்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து மலையேறினார்கள். சாலை வேலை தொடங்கியதே அண்மை வருஷங்களில்தான். ஓட்டு வாங்க ஏறிய காலுக்கு ரோடு போட இத்தனை காலம். அடிவாரத்தில் இருக்கும் நமக்கும் அதே கதைதான். 11 கே.வி. லைன் துணைமின் நிலையத்தில் புறப்பட்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் நம்மிடம் வரும்போது சக்கையாகத்தான் வருகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 415 வோல்ட் வரவேண்டும், 6 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது விதி. அதாவது 390க்குக் கீழே போகக்கூடாது. என் ஸ்டார்ட்டரில் மீட்டர் 320ஐத் தாண்டிப் பல மாதம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரைத் தூக்க அதிக ஆம்பியர் இழுக்கும். காயில் சூடேறிக் கருகும். ஒரு முனை போய்விட்டால் இன்னும் சீக்கிரம். காயில் கட்டுகிற கடைக்காரர் நம்மை மருமகன் மாதிரி வரவேற்கிறார். மின்சாரம் இலவசம், காயில் கட்டுகிற கூலி வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தப்பையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்குகிறோம். கரண்டு வந்த நொடியில் 22 மோட்டாரும் ஒன்றாக எகிறுகிறது. டிரான்ஸ்பார்மர் பாதி அதில்தான் போகிறது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் தள்ளிவைத்தால் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஏன் ஆட்டோ போட்டோம்? எப்போது வரும் என்று தெரியாததால். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து பாம்பை மிதிக்கவா முடியும்?

2021 தேர்தலுக்கு முன்பு, அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, ஏப்ரல் 1 முதல் 24 மணி நேரமும் மும்முனை என்று அறிவித்தார். சேலத்துக்காரர், விவசாயி, நமக்கும் சந்தோஷம். அடுத்து வந்த ஆட்சி 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புது இணைப்பு என்றது. அதுவும் நல்லதுதான், வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் நம் காட்டில் அந்தப் புது இணைப்பையும் பழைய டிரான்ஸ்பார்மரிலேயே இழுத்துவிட்டார்கள். கூழ் அதே சட்டியில், குடிக்கிற வாய் மட்டும் கூடிவிட்டது. அவசரமென்றால் தட்கல், 5 குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் என்று விலை வைத்தார்கள். ஒன்றரை ஏக்கர்காரன் எங்கே போவான்?

இன்னொன்று, படித்த பிள்ளைகள் கவனியுங்கள். 2020 டிசம்பர் 31இல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று வெளியிட்டது. எல்லா நுகர்வோருக்கும் 24 மணி நேரமும் மின்சாரம் என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த வரியிலேயே, விவசாயம் போன்ற சில பிரிவுகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறது. உரிமைப் பத்திரத்திலேயே நம்மைப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

நாம் கேட்பது வானத்தையல்ல. மேற்குக் காட்டுக்கு இன்னொரு டிரான்ஸ்பார்மர். வெடித்தால் இரண்டு நாளில் வாரியமே தன் வண்டியில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மும்முனை வரும் நேரத்தை வாரத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும், அதில் பகல் நேரம் பாதிக்குக் குறையக்கூடாது. காலியாக இருக்கிற லைன்மேன் இடத்துக்கு ஆள் போட வேண்டும். அந்த அம்மாவின் வெங்காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு மனு எழுதியாகிவிட்டது. இங்கே சரிவராவிட்டால் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வரை போவோம்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் செயற்பொறியாளர் அலுவலகம் முன்பு தர்ணா. எட்டரைக்கு மாரியம்மன் கோவில் மைதானத்திலிருந்து இரண்டு டெம்போ கிளம்பும். ஆளுக்கு 50 ரூபாய் வண்டிச் செலவு, இல்லாதவர்களுக்குச் சங்கம் போடும். இணைப்பு எண் அட்டை, காயில் கட்டிய ரசீது இரண்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு மனுவோடு சேர்க்க வேண்டும். ரசீது கொடுக்காத கடையாக இருந்தால் ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், சாயங்காலம் வரை உட்கார வேண்டியிருக்கும். அன்றைக்கு மும்முனை காலையில் வந்தாலும் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். மடையை வீட்டில் இருக்கிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.